எச்சில் பரிசோதனை: ஒற்றைக் கோட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்

திங்கள்சந்தையிலிருந்து வந்த அக்கா ஒருவர் ஈறு நோயைக் கண்டறியும் எச்சில் பரிசோதனைப் பட்டையை நீட்டி, "டாக்டரே, ஒரு கோடுதான் விழுந்திருக்கு. அப்போ எனக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்டார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே, ஆழம் பார்க்கும் அளவுக்கம்பியை மெல்ல இறக்கினேன். 7 மி.மீ. உள்ளே போனது, நுனியில் ரத்தம். ஆரோக்கியமான ஈறு என்றால் 3 மி.மீ.க்கு மேல் போகாது.

இந்தப் பரிசோதனை தேடுவது எம்எம்பி-8 என்ற நொதியை. ஈறு வீங்கிப் புண்படும்போது வெள்ளை அணுக்கள் அதை வெளிவிடும். பல்லைப் பிடித்து நிறுத்தும் கொலாஜனை அது அரிக்கும். வாய் கொப்பளித்த நீரில் ஒரு மில்லிக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் இரண்டாவது கோடு விழும். ஆனால் அது வாய் முழுவதும் சுற்றிவந்த நீர். ஒரே ஒரு பல்லில் மட்டும் ஈறு விலகி ஆழமான பை போன்ற இடைவெளி இருந்தால், அங்கே ஊறும் நொதி அதில் கரைந்து காணாமல் போய்விடலாம். பாதிப் பல் விழுந்தவர்களுக்கும், நொதி ஊறும் இடமே குறைவு என்பதால், இதே சிக்கல்தான்.

சரி, இரண்டு கோடும் விழுந்துவிட்டதா? உடனே மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். எந்தப் பல், எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது, வெறும் ஈறு வீக்கமா, அடி எலும்புவரை போன நோயா என்று அந்தக் கோடு சொல்லாது. 2018-இல் வெளியான சர்வதேச வகைப்பாடும் நோயின் நிலையை ஈற்றுப் பிடிப்பு விட்டுப்போன அளவையும் எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பிழப்பையும் முக்கியமாக வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் கம்பி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் அவசரம் கூடாது. சாப்பிட்ட கையோடு, பல் தேய்த்த கையோடு கொடுக்காதீர்கள். வெற்றிலை போட்ட வாயோடு வந்தால் சிவப்புச் சாறு பட்டையில் ஏறி, கோட்டைப் படிப்பதே கஷ்டம். குறித்த நேரம் தாண்டியபின் பட்டையைப் படிப்பதும் தவறு.

கொப்பளித்த நீருக்குப் பதிலாக, ஈற்று இடுக்கில் காகிதத் துண்டு வைத்து அங்கே ஊறும் நீரை எடுக்கும் முறையும் உண்டு. அதில் அந்தப் பல்லை முதலில் பஞ்சால் ஒற்றி உலர்த்த வேண்டும். காகிதத்தில் ரத்தமோ எச்சிலோ பட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்து, பையை ஆழமாகச் சுத்தம் செய்தாயிற்று. சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அதே பல்லில் அதே இடத்தில் மறுபடி கம்பியை இறக்கிப் பார்ப்பேன்.