மாறிய விதி கடைசி துணை சுகாதார நிலையம் வரை போய்ச் சேர: புதிதாகப் பொறுப்பேற்பவருக்குப் படிப்படியான செய்முறை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த மருத்துவ அலுவலரா நீங்கள்? அல்லது வட்டார அளவில் "சர்க்குலர் எல்லாம் இனிமே நீங்க பாத்துக்கோங்க" என்று உங்களிடம் சொல்லிவிட்டார்களா? அப்படியானால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

தமிழ்நாட்டில் சுற்றறிக்கைக்குப் பஞ்சமே இல்லை. வாட்ஸ்அப் வந்த பிறகு சென்னையில் காலையில் கையெழுத்தானது மதியத்துக்குள் எல்லார் போனிலும் இருக்கிறது. ஆனால் போனுக்கு வந்தது ஊசி போடும் அறைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு மாற்றம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் எப்போது எடுத்துக்கொள்வேன் என்றால், அந்த அறையில் பழைய முறை நின்ற பிறகுதான். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த ஒரு நோக்கத்துக்காக.

படி 1: செய்தி எந்தெந்த வழியாக வருகிறது என்று எழுதிவையுங்கள்

பொது சுகாதாரத் துறை இயக்ககம், மாவட்ட சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், அப்புறம் நீங்கள். இது நேர் வழி. இதைத் தவிரப் பக்க வழிகளும் உண்டு. காசநோய் சிகிச்சை மாற்றங்கள் மாவட்டக் காசநோய் மையத்திலிருந்து வரும். எந்த மருந்து நின்றது, எது புதிதாக வந்தது என்பது மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கில் உங்கள் மருந்தாளுநருக்கு முதலில் தெரியும். தரமற்ற மருந்து பற்றிய எச்சரிக்கை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து வரும். காப்பீட்டுத் திட்ட மாற்றங்களுக்கு இன்னொரு வழி.

ஒரு சாதாரண நீள நோட்டு போதும். வந்த தேதி, பொருள், எங்கிருந்து வந்தது, எந்த நாள் முதல் நடைமுறை, யார் யாருக்குச் சொல்ல வேண்டும், சொல்லியாயிற்றா, நடக்கிறதா என்று பார்த்தாயிற்றா. கடைசி இரண்டும் தனித்தனிக் கட்டமாக இருக்கட்டும், ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள்.

படி 2: வந்ததைத் தரம் பிரியுங்கள்

இன்றே சொல்ல வேண்டியது, இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டியது, மாதக் கூட்டத்தில் சொன்னால் போதும் என்பது. மூன்றுக்கு மேல் வகை வேண்டாம்.

இன்றே என்றால் என்ன? 2025 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருப்பது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டில் அதன் விற்பனை உடனே தடை செய்யப்பட்டது. இப்படி ஒரு செய்தி வந்தால் மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்க முடியாது. போனை எடுத்து ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் சொன்னால் மட்டும் போதாது. வீட்டில் பாட்டில் இருந்தால் அம்மா என்ன செய்ய வேண்டும், குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதும் அதே மூச்சில் போக வேண்டும். அதையொட்டி மத்திய அரசு ஓர் அறிவுரையும் தந்தது: 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இது புறநோயாளிப் பிரிவில் தினமும் வேலை செய்யும் விதி. எச்சரிக்கையின் பரபரப்பு அடங்கிய பிறகும் இதைத் தனியாக நினைவூட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். எல்லாவற்றுக்கும் "மிக மிக அவசரம்" என்று போடாதீர்கள். போட்டால் நிஜமாகவே அவசரமான ஒன்று வரும் நாளில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

மருந்து சம்பந்தப்படாத மாற்றங்களை மருத்துவர்கள் கடைசி வகையில் தள்ளிவிடும் பழக்கம் உண்டு. இது சரியில்லை. காசநோயாளிகளுக்கான நிக்‌ஷய் போஷன் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. இதை நோயாளி கேட்கப்போவது உங்களிடம் இல்லை, வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம். அவருக்குத் தெரியவில்லை என்றால் தெருவில் நின்று பதில் சொல்ல முடியாமல் தவிப்பவர் அவர்தான்.

படி 3: ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்

சுற்றறிக்கையை அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள். "பார்வை 1", "பார்வை 2", "மேற்கண்ட பொருள் தொடர்பாக" எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நம் ஆட்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்கள். 2023 ஜனவரியில் ஐ.பி.வி.க்கு, அதாவது ஊசியாகப் போடும் போலியோ தடுப்பூசிக்கு, மூன்றாம் தவணை சேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

*பொருள்:* ஐ.பி.வி. தடுப்பூசிக்கு மூன்றாம் தவணை சேர்ந்திருக்கிறது.
*எப்போது முதல்:* 1.1.2023
*எப்போது போடுவது:* 9 மாதத்தில், எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) முதல் தவணை போடும் அதே நாளில்.
*எவ்வளவு, எங்கே:* 0.1 மி.லி., தோலுக்குள், இடது மேல் கை.
*மாறாதது:* 6-வது, 14-வது வாரத் தவணைகள் முன்பு போலவே வலது மேல் கையில், தோலுக்குள். வாய்வழி சொட்டு மருந்தும் முன்பு போலவே.
*ஏன்:* 2016 முதல் சொட்டு மருந்தில் டைப் 2 வைரஸ் இல்லை. டைப் 2-க்கு எதிரான பாதுகாப்பு இந்த ஊசியிலிருந்துதான் வர வேண்டும்.
*எதில் எழுதுவது:* தாய் சேய் அட்டை, தடுப்பூசிப் பதிவேடு. அட்டையில் கட்டம் இல்லையென்றால் எம்.ஆர். கட்டத்துக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதவும்.
*சந்தேகம் என்றால்:* இன்னாருக்கு, இந்த எண்ணில், இந்த நேரத்தில் போன் செய்யவும்.

இதில் இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ஒன்று "மாறாதது". புது விதியைப் படித்த ஒருவர் அதோடு சேர்த்து மற்றதும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும். இடது கை என்று படித்ததும் 6 வாரக் குழந்தைக்கும் இடது கையில் போட்டுவிடுவார்கள். இன்னொன்று "ஏன்". காரணம் தெரிந்த செவிலியர் அம்மாவின் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிடுவார். "மேலேர்ந்து சொல்லிருக்காங்க" என்ற பதிலை எந்த அம்மாவும் நம்புவதில்லை.

மருந்துப் பெயர்களை மட்டும் தமிழாக்கம் செய்ய வேண்டாம். பாட்டிலில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

படி 4: யார் யார் கைவேலை மாறுகிறது என்று பாருங்கள்

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாற்றங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நாய்க்கடிக்குத் தசையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு நிலையம், தோலுக்குள் போடும் முறைக்கு மாறுகிறது என்று வையுங்கள். மருத்துவருக்கு அது ஒரே வரிதான்: முன்பு 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாள்கள், இனி 0, 3, 7, 28 என்று நான்கு நாள்கள். ஆனால் ஊசி போடும் செவிலியருக்கு வேலையே வேறு. ஒவ்வொரு முறையும் இரண்டு மேல் கையிலும் 0.1 மி.லி. போட வேண்டும், தோல் சின்னதாகக் கொப்புளம் போல மேலெழும்ப வேண்டும், எழும்பவில்லை என்றால் மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். மருந்தாளுநர் இன்சுலின் சிரிஞ்சுக்கு இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட வேண்டும். திறந்த குப்பியைக் குளிரில் வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், கடிபட்டவர்களை எந்த நேரத்துக்கு வரச் சொல்வது என்று யோசிக்க வேண்டும். சீட்டு எழுதுபவர் அட்டையில் புதுத் தேதிகள் போட வேண்டும். 28-ம் நாள் வராதவரைத் தேடிப்போக வேண்டியது கிராம சுகாதார செவிலியர். இந்தச் சங்கிலியில் ஒருவருக்குச் சொல்லாமல் விட்டாலும் போச்சு. மற்ற எல்லாரும் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாலும், சிரிஞ்ச் வரவில்லை என்றால் பழைய முறையே தொடரும்.

அப்புறம், முதல் நாளே வரும் கேள்வி ஒன்று இருக்கிறது: "ஏற்கெனவே தசையில ரெண்டு ஊசி போட்டவருக்கு மிச்சத்த எப்படிப் போடறது?" எந்த மாற்றமானாலும் பழைய முறையில் பாதி வழியில் இருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன என்பதை அறிவிப்பு எழுதும் முன்பே மேலே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 5: பழையதை எடுத்துவிடுங்கள்

நம் நாடு இதை ஒருமுறை மிக அழகாகச் செய்து காட்டியிருக்கிறது. 2016 ஏப்ரல் 25 அன்று மூன்று வகை வைரஸ் கொண்ட போலியோ சொட்டு மருந்து நிறுத்தப்பட்டு, இரண்டு வகை கொண்டது வந்தது. "இனிமேல் புதியதைக் கொடுங்கள்" என்று கடிதம் போட்டதோடு விடவில்லை. குளிர்சாதனப் பெட்டிகளில் மீதமிருந்த பழைய குப்பிகளைத் திரும்பப் பெற்று அழித்தார்கள். ஒன்றும் மிச்சமில்லை என்று பெட்டியைத் திறந்து பார்த்து உறுதி செய்ய ஆட்கள் வந்தார்கள். ஒரு குப்பி தப்பினாலும் டைப் 2 வைரஸ் மறுபடி ஊருக்குள் வரக்கூடும் என்பதால் அவ்வளவு கண்டிப்பு.

எல்லா மாற்றத்துக்கும் அந்த அளவு வேண்டாம். ஆனால் கேள்வி அதேதான்: பழையது எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது? லேமினேட் செய்து சுவரில் ஒட்டிய சார்ட், மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்த தாள், பதிவேட்டின் அச்சிட்ட தலைப்பு, போன் கேலரியில் கிடக்கும் போட்டோ. காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மருந்து என்பது போய் 2017-ல் தினசரி மருந்து என்று ஆனது. அந்த மாதிரி நேரத்தில் பழைய அட்டவணை சுவரில் இருந்தால், புதிதாகப் பணிக்கு வருபவர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார். துணை சுகாதார நிலையத்துக்குப் புதுத் தாளைக் கொண்டுபோகிறவர், கிழித்த பழைய தாளைக் கையோடு திரும்பக் கொண்டுவரட்டும். ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் "இன்ன தேதியிட்ட அறிவிப்புக்குப் பதிலாக இது" என்று ஒரு வரி சேருங்கள்.

படி 6: சொல்லுங்கள், சொன்னது புரிந்ததா என்று கேளுங்கள்

வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் அனுப்பக்கூடிய தனிக் குழு ஒன்று வையுங்கள். காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் இருக்கும் குழுவில் மருந்து அளவு போகக் கூடாது. ஃபீல்டில் இருப்பவர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவும் சேர்த்து அனுப்பினால், பஸ்ஸில் போகும்போதே கேட்டுவிடுவார்கள்.

கட்டைவிரல் குறி வந்தால் பார்த்தார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். புரிந்ததா என்பதை மாதக் கூட்டத்தில் நேரில் கேட்டால்தான் தெரியும். கூட்டத்தின் கடைசியில் வைக்காதீர்கள், அப்போது எல்லார் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். முதல் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டாக்டர்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

"சிஸ்டர், வர்ற புதன்கிழமை ஒம்பது மாசக் குழந்தை ஒண்ணு வருது. என்னென்ன போடுவீங்க, எந்தெந்தக் கையில?"

"எம்.ஆர். வலது கை டாக்டர், ஐ.பி.வி. இடது கை."

"அதே குழந்தையோட அட்டையில பதினாலு வாரத்து ஐ.பி.வி. போட்ட மாதிரியே இல்ல. அப்போ?"

இங்கே ஒரு அமைதி வந்தால், உங்கள் அறிவிப்பில் அந்த வரி இல்லை என்று அர்த்தம். அவரைத் திட்டாதீர்கள், அறிவிப்பைத் திருத்துங்கள்.

கூட்டத்துக்கு வராதவர்கள் பட்டியலும் வேண்டும். இரவுப் பணி ஸ்டாஃப் நர்ஸ், மகப்பேறு விடுப்பில் இருப்பவர், டெபுடேஷனில் போனவர், மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள். பிரசவம் பாதி இரவில்தான் நடக்கிறது. ஆனால் இரவுப் பணியில் இருப்பவர் கூட்டத்துக்கு வருவதே அபூர்வம்.

படி 7: சுற்றறிக்கையில் வராத மாற்றங்கள்

இந்த வாரம் சீமாங் மையத்தில் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) மயக்க மருத்துவர் விடுப்பு. தாலுகா மருத்துவமனையில் ஸ்கேன் பழுது. இப்படிப்பட்ட செய்திக்கு யாரும் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்) போட்டுக் கடிதம் எழுதுவதில்லை. ஆனால் பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணைத் தவறான இடத்துக்கு அனுப்பினால் போகும் ஒரு மணி நேரத்தை எந்தச் சிகிச்சையாலும் திருப்பித் தர முடியாது. அதனால் திங்கட்கிழமைக் காலையில் ஒரு போன். நீங்கள் நோயாளிகளை அனுப்பும் ஒவ்வோர் இடத்துக்கும் பேசி, இந்த வாரம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டு, பிரசவ அறைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். 108 வண்டி ஊழியர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

படி 8: ஊரில் உள்ள தனியார் கிளினிக்குகளும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்

காய்ச்சல் என்றால் பலர் முதலில் போவது பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளினிக்குக்குத்தான். அங்கே இருக்கும் மருத்துவருக்கு அரசு சுற்றறிக்கை எதுவும் வராது. ஆனால் விதிகள் அவரையும் கட்டுப்படுத்தும். காசநோயாளியைப் பதிவு செய்து தகவல் தர வேண்டும் என்பது 2012 முதல் தனியாருக்கும் உண்டு. பாம்புக்கடியைத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது, அது தனியார் மருத்துவமனைகளையும் சேர்த்துத்தான். உங்கள் ஒரு பக்க அறிவிப்பை அவர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் சுகாதார ஆய்வாளர் கையில் கொடுத்தனுப்புங்கள். அதிகாரம் காட்டும் தொனி வேண்டாம். "உங்களுக்கும் பயன்படும் டாக்டர்" என்றால் வாங்கிக்கொள்வார்கள்.

படி 9: இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள்

முன்னறிவிப்பில்லாமல் இரண்டு துணை சுகாதார நிலையங்களுக்குப் போய்ப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஐ.பி.வி. என்றால் 9 மாதக் குழந்தைகளின் வரிசையில் இரண்டு தடுப்பூசிக்கும் ஒரே தேதி இருக்கிறதா? நாய்க்கடி என்றால் 28-ம் நாள் கட்டம் நிரம்பியிருக்கிறதா? இல்லையென்றால் ஏன் என்று அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள். சிரிஞ்ச் வரவில்லை, அட்டையில் இடமில்லை, அம்மா ஒரே நாளில் இரண்டு ஊசிக்குச் சம்மதிக்கவில்லை என்று பதில் வரும். அதில் உங்களால் தீர்க்க முடிந்ததை அன்றே தீர்த்துவிட்டு, மீதியை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் வந்ததும் முதல் போன் அந்தச் செவிலியருக்கு.