மர்மம், மாயம், விஞ்ஞானம்: ஒரு புத்தகத்தைக் குறை சொல்லும் முன்

சேலத்தில் கதைப் புத்தகம் படிக்கிற நான்கு பேர் ஒரு டீக்கடையில் சேர்ந்தால், துப்பறியும் நாவலைப் பற்றி வரும் முதல் தீர்ப்பு பெரும்பாலும் இதுதான்: "பாதியிலேயே யாருன்னு கண்டுபுடிச்சிட்டேங்க. புக்கு சுமார்தான்." விஞ்ஞானக் கதை என்றால் "இதெல்லாம் நடக்கவா போகுது?" மாயாஜாலக் கதை என்றால் "லாஜிக்கே இல்லையே." மூன்றும் வெவ்வேறு கருத்துகள் மாதிரி தெரியும். அடியில் இருக்கிற தவறு ஒன்றுதான். புத்தகம் தனக்குத் தானே ஒரு விதி போட்டுக்கொள்கிறது. அந்த விதியைக் கடைசிவரை காப்பாற்றியதா என்று பார்க்காமல், நாம் வீட்டிலிருந்து எடுத்துப்போன அளவுகோலை வைத்து அளந்துவிடுகிறோம்.

துப்பறியும் நாவலிலிருந்தே ஆரம்பிக்கலாம். அங்கேதான் விதிகளை எழுதியே வைத்திருக்கிறார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். துப்பறியும் நாவல்களும் எழுதியவர். 1929-இல் இந்த வகைக் கதைகளுக்கென்று பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். பேய் பிசாசு வந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது. ரகசிய வழி ஒன்றுக்கு மேல் ஆகாது. துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும். இப்படிப் போகும். பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். புகழ்பெற்ற நாவல்களே இவற்றில் ஒன்றிரண்டை மீறியிருக்கின்றன. ஆனால் பத்தில் ஒன்றுகூட, வாசகர் கண்டுபிடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கண்டுபிடிக்க வழி விட வேண்டும் என்றுதான் சொல்கின்றன. வழி விட்டால் சிலர் கண்டுபிடிக்கத்தான் செய்வார்கள்.

நம் ஊரை வைத்தே ஒரு கதை கட்டிப் பார்ப்போம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களா. இரவு எட்டு மணிக்கு முதலாளி கொலை. சந்தேகம் மருமகன் மேல். ஆனால் அவர் அன்றிரவே அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், சாட்சிக்குப் பத்துப் பேர். மலையடிவாரத்து டீக்கடைக்காரரோ, அன்று ராத்திரி அந்தக் கார் இறங்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். காலையிலேயே இறங்கிவிட்டார் போல என்று போலீஸ் விட்டுவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் விடை: அவர் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் இறங்கவில்லை, குப்பனூர் வழியாக இறங்கியிருக்கிறார்.

சேலத்துக்காரர் இதைப் படித்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே சிரித்துவிடுவார். ஏற்காட்டுக்கு இரண்டு பாதை இருப்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தஞ்சாவூர் வாசகருக்குத் தெரியாது. அப்படியானால் அதே நாவல் சேலத்தில் மோசமானதாகவும் தஞ்சாவூரில் நல்லதாகவும் ஆகிவிடுமா? கண்டுபிடித்தது படிப்பவருடைய ஊரைப் பற்றி ஒரு சேதி சொல்கிறது, அவ்வளவுதான். நாவலைப் பற்றிக் கேட்க வேண்டியது வேறு: அந்தக் குப்பனூர் பாதையை ஆசிரியர் முன்னாலேயே காட்டினாரா? இரண்டாம் அத்தியாயத்தில் வேலைக்கார அம்மா தாமதமாக வந்து, "வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க, பஸ்ஸு குப்பனூர் சுத்தித்தான் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே அடுப்பங்கரைக்குள் போகிறார் என்று வையுங்கள். முதலாளி அவரைத் திட்டுகிறார். நாமும் திட்டைக் கவனிக்கிறோம், பாதையைக் கவனிக்கவில்லை. இது நேர்மையான ஆட்டம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டிகளை அப்படித் திருப்பிவிடுவதும் நடக்கிற விஷயம்தான், அதனால் அந்த வரி துருத்திக்கொண்டும் நிற்காது. அப்படி ஒரு வரியே இல்லாமல் கடைசிப் பக்கத்தில் ஒரு புதுப் பாதையைத் திறந்துவிட்டால் அது ஏமாற்று வேலை. நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக அதைப் பாராட்டவும் கூடாது.

ஆகவே நல்ல துப்பறியும் நாவலைச் சோதிக்க ஒரே வழி, விடை தெரிந்த பிறகு இன்னொரு தரம் புரட்டுவது. முழுக்கப் படிக்க வேண்டாம். குற்றவாளி வருகிற இடங்களை மட்டும் பார்த்தால் போதும். முதல் தடவை சாதாரணமாகத் தெரிந்த பேச்சு இப்போது வேறு மாதிரி ஒலிக்கிறதா? ஒலித்தால் ஆசிரியர் உழைத்திருக்கிறார்.

விடையை அடுத்தவருக்குச் சொல்லிவிடுவது பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைப்போம். வாடகை நூலகப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை இருக்காது. ஒரு புத்தகத்தில், கதாபாத்திரத்தின் பெயர் முதல் தடவை வருகிற இடத்திலேயே நீல மசியில் வட்டம் போட்டு, ஓரத்தில் 'இவன்தான்' என்று எழுதிவைத்திருந்தார் ஒரு புண்ணியவான். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் 'இல்லை, பொய்' என்று இருந்தது. இரண்டாமவர் கெட்டிக்காரர், புத்தகத்துக்குள் இன்னொரு மர்மத்தையே உண்டாக்கிவிட்டார். இதைவிட நாசூக்கான குற்றம் ஒன்று உண்டு. "நான் எதையும் சொல்ல மாட்டேன், ஆனா கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க." சொன்னாயிற்று. அதற்கப்புறம் படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

இங்கிலாந்து விதியை எல்லாத் துப்பறியும் கதைக்கும் பூட்டுவதும் தவறுதான். நம் மாத நாவல்களைப் படித்துவிட்டு "இதுல தடயமே இல்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமாரின் நாவல்களில் அடிக்கடி ஒரு கட்டமைப்பைப் பார்க்கலாம். ஒரு அத்தியாயத்தில் ஒரு கதை ஓடும். அடுத்த அத்தியாயத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை. மாறி மாறி ஓடிக் கடைசியில் இரண்டும் ஒன்றில் முட்டும். அங்கே 'யார்' என்பதைவிட, 'இது இரண்டும் எங்கே சேரும்' என்பதுதான் புதிர். முதல் கதையைப் படிக்கும்போது இரண்டாவது கதைக்குரிய நூலைப் பிடிக்க முயல்வதுதான் அதைப் படிக்கிற முறை. பஸ் பயணத்தில் முடித்துவிடக்கூடிய அளவில் எழுதப்பட்ட புத்தகத்தில், நானூறு பக்க நாவலின் ஆற அமர்ந்த விசாரணையைத் தேடினால் கிடைக்காது. இப்படித் தேடுபவர்களில் பலர், துப்பறியும் கதையே ஏதோ நேற்று வந்த இறக்குமதி என்றும் நினைக்கிறார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை எடுத்து, நம்பியாரை நாயகனாக்கி, விதவிதமான மாறுவேடம் போடவைத்து 'திகம்பர சாமியார்' என்று 1950-இல் படமாக்கியதே நம் ஏற்காடு சாலை மாடர்ன் தியேட்டர்ஸ்தான்.

அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 'காடு' என்ற படத்தையும் எடுத்தது. இந்தியக் காட்டுக்குள் உரோமம் போர்த்திய ஆதிகால மாமத் யானைகள் வருகிற கதை. "அறிவியல்படி சாத்தியமா?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். விஞ்ஞானக் கதையை எடைபோடும்போது நாம் செய்கிற பெரிய தவறு இந்தக் கேள்விதான்.

ஜூல்ஸ் வெர்ன் 1865-இல், ஒரு ராட்சத பீரங்கியில் ஆட்களை வைத்து நிலாவுக்குச் சுடுகிற கதையை எழுதினார். சுடுகிற இடம் ஃப்ளோரிடா. ஒரு நூற்றாண்டு கழித்து அப்பல்லோவும் ஃப்ளோரிடாவிலிருந்தே கிளம்பியதால், "அப்பவே சொன்னாரு பாருங்க" என்று ஒரு கூட்டம் வியக்கிறது. பீரங்கியில் சுட்டால் அந்த வேகத்திலேயே உள்ளே இருப்பவர்கள் கூழாகிவிடுவார்களே என்று இன்னொரு கூட்டம் சிரிக்கிறது. இரண்டு கூட்டமும் நாவலைப் பஞ்சாங்கம் மாதிரி படிக்கிறது. பலித்தது, பலிக்கவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' கதை நடக்கிற காலத்தையே நாம் இப்போது தாண்டிவிட்டோம். "ரோபோ நாய் இப்ப கடையிலயே கெடைக்குது, கதை பழசாயிடுச்சு" என்கிறார்கள். ஜீனோ என்ற நாயை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்த நாட்டில் யாருக்கும் இரண்டு எழுத்துக்கு மேல் பெயர் கூடாது. நிலா, சிபி, ரவி, ஜீவா. பெயரின் நீளத்தையே அரசாங்கம் வெட்டிவைத்திருக்கிறது என்றால், மற்ற விஷயங்களில் என்ன கதி என்று யாரும் விளக்காமலே புரிந்துவிடுகிறது. பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சட்டம் காதில் விழுகிறது. இப்படிப்பட்ட இடங்கள் பழசாவதில்லை.

விஞ்ஞானக் கதைக்கு நடக்காத ஒன்றைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. வாங்கியதற்கு அப்புறம் கணக்குக் காட்ட வேண்டும். மனிதருக்குத் தூக்கமே தேவையில்லை என்று ஒருவர் கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரி, கொடுத்தாயிற்று. இனி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்கு ராத்திரி ஷிஃப்ட் வந்துவிடும். கூலி ஏறுமா, பாதியாகுமா? புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்களை யார் தேடுவார்கள்? குழந்தைகளை ராத்திரி முழுக்க யார் பார்த்துக்கொள்வது? இதில் ஒன்றிரண்டையாவது தொட்டிருந்தால் ஆசிரியர் யோசித்திருக்கிறார். எதையும் தொடாமல், நாலாம் அத்தியாயத்தில் நாயகன் கொட்டாவி விட்டபடி காலையில் எழுந்து வந்தால், குறை சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லலாம். இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

மாயாஜாலக் கதைக்கு, அதாவது ஃபேண்டஸிக்கு வருவோம். இங்கே இரண்டு தவறுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கின்றன. ஒன்று, "லாஜிக் இல்லை" என்று தள்ளுவது. இன்னொன்று, "ஃபேண்டஸிதானே, லாஜிக் எதுக்கு?" என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது. இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் என்பேன். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. அந்த ஒரு 'மறையாது' இல்லையென்றால் கதையே இல்லை. கையை எங்கே ஒளிப்பது, மின்சாரத்துக்கு எங்கே போவது என்ற தவிப்பில்தான் ஒவ்வொரு பக்கமும் ஓடும். மாயசக்தி என்ன செய்யும் என்பதைவிட எதைச் செய்யாது என்பதைக் கவனித்துப் படித்தால், எந்த ஃபேண்டஸி உருப்படி, எது வெத்து என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் குகையை வைத்தும் இதைச் சொல்லலாம். அந்தக் குகை காவிரிவரை போகிறது என்று மலையில் சொல்வார்கள். ஐதீகத்திடம் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். அதையே ஒருவர் நாவலாக்கினால் கேட்கலாம். காவிரியில் எந்த இடத்தில் வெளியே வரும்? யார் வேண்டுமானாலும் போகலாமா? போனவர் எதை இழப்பார்? முதல் பாதியில் வம்சத்துக்கு ஒருவர்தான் போக முடியும் என்று சொல்லிவிட்டு, கிளைமாக்ஸில் நாயகனின் நண்பர்கள் நாலு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தால், அதுதான் லாஜிக் இல்லாதது.

இந்த வகைகளில் இரண்டு கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் நல்ல உதாரணம். விஞ்ஞானக் கதையும் துப்பறியும் கதையும் ஒன்றாகச் சேராது என்று அவருடைய பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் சொல்லிவந்தார். காரணம் நியாயமானதுதான்: கடைசியில் துப்பறிபவர் யாரும் கேள்விப்படாத ஒரு கருவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தால் வாசகர் என்ன செய்ய முடியும்? அசிமோவ் பதிலுக்கு ஒரு நாவலே எழுதினார். 1954-இல் புத்தகமாக வந்தது. ஒரு மனிதப் போலீஸ்காரரும் ஒரு ரோபோவும் சேர்ந்து கொலையை விசாரிக்கிறார்கள். ரோபோவால் எது முடியும், எது முடியாது என்பதை வாசகரிடம் மறைக்காமல் வைத்துவிடுகிறார். ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதில் தொடங்கும் மூன்று விதிகளை 1942-லேயே ஒரு சிறுகதையில் எழுதியிருந்தார். அவை இங்கே விசாரணைக்கே கைகொடுக்கின்றன. கலப்புக் கதைகளைப் படிக்கும்போது, "இது துப்பறியும் கதையா, விஞ்ஞானக் கதையா, முடிவு பண்ணுங்க" என்று மல்லுக்கட்டுவது வீண்.

சினிமாவைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு மார்க் போடுவது, "போர்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது, இவை பற்றிச் சொல்ல அதிகமில்லை. போர் என்றால் எந்த அத்தியாயத்திலிருந்து என்றாவது சொன்னால், கேட்பவருக்குப் பிரயோஜனம்.

படிக்கிற வரிசையில் நடக்கிற தவறுகளைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டோல்கீனின் மோதிரக் கதை ('தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') ஒரே நாவல். 1954, 1955-இல் மூன்று பாகமாகப் பிரித்து வெளியிட்டார்கள். முதல் பாகத்தை முடித்துவிட்டு "முடிவே சரியில்லை" என்பவரிடம், பாதிக் கல்யாணத்தில் எழுந்து வந்துவிட்டீர்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அசிமோவின் ஃபவுண்டேஷன் வரிசையில் சிக்கல் வேறு. முதல் மூன்று புத்தகங்கள் 1951-இலிருந்து 1953-க்குள் வந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் முந்தைய காலத்தில் நடக்கிற கதையை அவர் 1988-இல்தான் எழுதினார். கதை நடக்கிற காலப்படி போகலாமே என்று சிலர் அதை முதலில் எடுக்கிறார்கள். ஆனால் அது வந்தபோது, பழைய புத்தகங்கள் ஏற்கெனவே வாசகர் கையில் இருந்தன. முதலில் வந்ததை முதலில் படிப்பதே நல்லது. காலவரிசைப்படிதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், இரண்டாவது தடவை படிக்கும்போது அப்படிப் படித்துக்கொள்ளலாம்.