உதவித்தொகை எந்தக் கணக்கில் விழுந்தது?

களியக்காவிளையில் ஒரு கணக்கு, கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் இன்னொன்று என்று இரண்டு பாஸ்புக் வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகையின் தவணை 2,000 ரூபாய் அக்கம்பக்கத்தில் வந்துவிட்டது, உங்கள் பாஸ்புக்கில் மட்டும் வரவு இல்லையென்றால், இன்னொரு பாஸ்புக்கையும் பதிந்து பாருங்கள். ஆதார்வழிப் பணம், கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்காக ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். புதுக் கணக்கு தொடங்கும்போது படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் செய்கிற வேலை இது! மைஆதார் இணையதளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்தால், இப்போது இணைந்திருக்கும் வங்கியின் பெயர் தெரியும். மாற்ற விரும்பினால், வேண்டிய வங்கிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் நகல் கொடுத்தது இதற்குப் போதாது. மானிய இணைப்புக்கான ஒப்புதல் தனி.