நாய் ஓயாமல் நக்கி உண்டாக்கும் புண்ணைக் கவனிப்பது எப்படி?

நாய் தன் தோலை ஓயாமல் நக்கியும் கடித்தும் புண்ணாக்கிக்கொண்டால், மருந்தைத் தேடுவதற்கு முன் அது எந்த இடத்தை நக்குகிறது என்று பாருங்கள்; பாதிக் காரணத்தை அந்த இடமே சொல்லிவிடும். வாலடியையும் முதுகின் பின்பகுதியையும் கடித்தால் தெள்ளுப்பூச்சியையும், பாதங்கள், அக்குள், காது, முகம் என்று பல இடங்களில் அரிப்பிருந்தால் ஒவ்வாமையையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு பாதத்தை மட்டும் விடாமல் நக்கினால், விரலிடுக்குகளை விரித்து முள்ளோ உடைந்த நகமோ இருக்கிறதா என்று தேடுங்கள். வெளியே எதுவும் தெரியாவிட்டால், அடியில் உள்ள மூட்டின் வலியும் காரணமாக இருக்கலாம். வெளிர்நிற நாய் என்றால் இன்னும் எளிது: எச்சில் ஊறிய மயிர் துருப்பிடித்ததுபோல் செம்பழுப்பாக மாறியிருக்கும், நாம் பார்க்காத நேரத்தில் அது எங்கெங்கே நக்கியது என்பதும் தெரிந்துவிடும்.

பூச்சி கண்ணில் படவில்லை என்பதால் பூச்சியே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நக்கும்போதே நாய் அதை விழுங்கிவிடும். ஒவ்வாமை உள்ள நாய்க்கோ சில கடிகளே போதும். நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாலடியை வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். பொடியைச் சுற்றிச் செந்நிறம் கசிந்தால் அது மண்ணன்று, செரித்த இரத்தம் கலந்த பூச்சியின் எச்சம். அப்போது வீட்டிலுள்ள எல்லாச் செல்லப்பிராணிகளுக்கும் மருந்து தேவைப்படும். ஆனால் நாய்க்கான பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து பூனைக்கு நஞ்சு என்பதை மறக்கக்கூடாது.

காரணத்தைத் தேடும் அதே வேளையில் நாக்கைத் தடுத்தாக வேண்டும். எச்சில் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஓயாத ஈரமும் உராய்வும் கிருமிகளுக்கே உதவுகின்றன. மூக்கு நுனியைத் தாண்டி நீளும் கூம்புக் கழுத்துப்பட்டையை, கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும்படி மாட்டுங்கள். பரிதாபப்பட்டு இரவில் கழற்றினால், ஒரு வாரம் ஆறிய புண் விடிவதற்குள் மீண்டும் திறந்துவிடும்.

சில மணி நேரத்திலேயே பரவும், நீர் கசியும் சிவந்த புண்ணாக இருந்தால், சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியின் நீர்த்த கரைசலால் துடைத்து உலரவிட வேண்டும். தொடவிடாத அளவுக்கு வலித்தால் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். மனிதருக்கான களிம்புகளைப் பூசாதீர்கள். சிலவற்றிலுள்ள துத்தநாக ஆக்சைடை நக்கி விழுங்குவது நாய்க்குக் கேடு.

முன்னங்கால் மணிக்கட்டில் மயிர் கொட்டி, தோல் தடித்து மேடாகிவிட்டால், கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கக்கூடும். பல வாரம் மாத்திரை தேவைப்படலாம். இத்தகைய புண்ணைச் சலிப்பு என்று சொல்லி ஒதுக்குவது பலரும் செய்யும் தவறு. தனிமையும் சலிப்பும் நக்கும் பழக்கத்தை வளர்ப்பது உண்மைதான். ஆயினும் பூச்சி, ஒவ்வாமை, தொற்று, மூட்டுவலி ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். உணவு ஒவ்வாமை என்று அவர் கருதினால், குறிப்பிட்ட ஓர் உணவை மட்டுமே ஏறத்தாழ 8 வாரங்கள் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். இடையில் யாரேனும் ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால்கூடச் சோதனை குழம்பிவிடும் என்பதால், வீட்டில் எல்லோரிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.