ராத்திரி வானத்தைப் படம் எடுக்க கிட் லென்ஸே போதும்

உடுமலைப் பக்கம் காற்றாலைக்குப் பின்னால் பால்வீதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். இருக்கிற கேமராவும், அதோடு வந்த கிட் லென்ஸுமே போதும், காசைக் கனமான டிரைபாடில் (மூன்று கால் ஸ்டாண்டில்) போடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. நடுத்தண்டை உயர்த்தாமல், கேமரா பையை அதில் தரையைத் தொடும்படி மாட்டுங்கள், அந்தரத்தில் தொங்கினால் பையே ஊஞ்சலாடிப் படத்தைக் கெடுக்கும்.

கேமராவில் வைக்க வேண்டியது: மேனுவல் மோடு (எல்லாவற்றையும் நாமே வைப்பது), ரா ஃபார்மட் (கேமரா திருத்தாத மூலப் பதிவு), எஃப் 3.5 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 3200 (ஒளி உணர்திறன்). ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு சென்சாரில், லென்ஸின் குவியத் தூரம் 18 எம்எம் என்றால் 1.5-ஆல் பெருக்கி 27, 500-ஐ அதால் வகுத்தால் சுமார் 18 நொடி. தாண்டினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். நான் 15-லேயே நிறுத்திக்கொள்வேன்.

பலரும் கோட்டை விடுவது ஃபோகஸில். லென்ஸில் இருக்கும் இன்ஃபினிட்டி குறியை (வெகுதூரத்துக்கான ∞ குறி) நம்பாதீர்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, அப்புறம் தொடவே கூடாது. லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதியை) அணைத்துவிட்டு 2 நொடி டைமர் வையுங்கள்.

வடக்கே திருப்பூர் வெளிச்சம் வானத்தையே வெளுத்துவிடும், அதனால் ஆனைமலைப் பக்கம், தெற்கே பார்த்து நில்லுங்கள். பால்வீதியின் மையமும் அங்கேதான் வரும். சித்திரை அமாவாசையை ஒட்டி, நள்ளிரவு தாண்டிப் போனால் சரியாக இருக்கும். தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாய் விடாதுங்க!