பரணில் இருக்கும் பாத்திரம் என்ன உலோகம்? விற்பதற்கு முன் கண்டுகொள்ளும் முறை

கும்பகோணத்தில் என் தாத்தா தொடங்கிய பாத்திரக் கடையில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புதுப் பாத்திரம் விற்பது பாதி வேலை. பழையதை எடைக்கு எடுத்துக்கொள்வது மீதி. அம்மாவின் காரியம் முடிந்த கையோடு பரணைக் காலி செய்து சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. "எல்லாம் பித்தளைதான் அக்கா, எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அவிழ்த்துப் பார்த்தால் வெண்கலம் இருக்கும், ஈயம் இருக்கும், செம்பு இருக்கும், மேலே முலாம் பூசிய ஏதோ ஒன்றும் இருக்கும். சென்ற தை மாதம் வந்த ஒரு பெண், அதற்கு முன் வேறொரு கடையில் தன் பாட்டியின் வெண்கலப் பானையைப் பித்தளை விலைக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். பானை போனதைவிட, அது வெண்கலம் என்றே தெரியாமல் போனதுதான் அவரை அழவைத்தது. அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வேண்டிய பொருள்கள்: ஒரு காந்தம், சமையலறை மின் தராசு, கெட்டி நூல், ஒரு சிறிய அரம், நல்ல பகல் வெளிச்சம். முதலில் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கிவிடுங்கள். களிம்பு ஏறிய நிலையில் செம்பும் பித்தளையும் வெண்கலமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கையில் எடுத்ததும் அளவுக்கு ஏற்ற கனம் இல்லாமல் லேசாக இருந்தால் அது அலுமினியம் அல்லது இண்டாலியம். இண்டாலியம் என்பது அலுமினியத்தில் மக்னீசியம், மாங்கனீசு போன்றவற்றைச் சிறிதளவு கலந்து உறுதியாக்கியது. இதில் புளிக்குழம்பையும் ஊறுகாயையும் வைக்காதீர்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து காந்தம். கருத்த தோசைக்கல்லும் பணியாரச் சட்டியும் ஒட்டும். அவற்றில் தகட்டிரும்பு எது, வார்ப்பிரும்பு எது என்பதைப் பரப்பைப் பார்த்துச் சொல்லலாம். வார்ப்பிரும்பு சொரசொரப்பாக, மணலில் வார்த்த தடத்தோடு இருக்கும். அதில் கரி மூன்று விழுக்காட்டுக்கு மேலும் இருக்கலாம். தகட்டிரும்பில் கால் விழுக்காடுகூட இருக்காது. அதனால்தான் வார்ப்புக் கல் கீழே விழுந்தால் உடைகிறது, தகட்டுக் கல் வளைகிறது.

எவர்சில்வரில் காந்தத்தை முழுக்க நம்பிவிடக் கூடாது. "ஒட்டவில்லை, அதனால் நல்ல எவர்சில்வர்" என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். அது அரை உண்மை. 304 என்று முத்திரை குத்தி விற்பதில் குரோமியம் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு அளவில் இருக்கும்; அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 போன்ற 200 வரிசை மலிவு வகைகளிலும் ஒட்டாது. நிக்கலே இல்லாமல் குரோமியம் மட்டும் கலந்த 430 வகையில் நன்றாக ஒட்டும். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் அந்த இனம்தான். ஆகவே காந்தம் 430-ஐக் காட்டிக்கொடுக்கும், 202-ஐக் காட்டிக்கொடுக்காது. மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் ஒன்றைத் தகடு வியாபாரிகள் வைத்திருக்கிறார்கள்: ஒரு சொட்டு விட்டுச் சிறு பேட்டரியை வைத்தால் 200 வரிசையில் சிவக்கும். அந்த வசதி இல்லாதபோது முத்திரையையும் விலையையும் பார்த்து வாங்குவதைத் தவிர வழியில்லை. எந்த வகையானாலும், தண்ணீர் கொதித்த பிறகே உப்புப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கும் உப்பு, எவர்சில்வரைக் காக்கும் மெல்லிய குரோமியப் படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

இனி மஞ்சள் குடும்பம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். பாத்திரத் தகட்டில் பெரும்பாலும் நூற்றுக்கு 63 முதல் 70 பங்கு செம்பு, மீதி துத்தநாகம். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். நல்ல பாத்திர வெண்கலத்தில் செம்பு 78, வெள்ளீயம் 22 என்ற கணக்கு. துத்தநாகத்தைவிட வெள்ளீயம் பல மடங்கு விலை கூடியது. பழைய வெண்கலத்தைப் பித்தளை என்று சொல்லி வாங்குவதில் யாருக்கு லாபம் என்பது இப்போது விளங்கும்.

பிரித்தறிய என் அப்பா சொல்லித்தந்த முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன். பாத்திரத்தை ஐந்து விரல் நுனியில் ஏந்தி, மறுகையின் விரல் முட்டியால் விளிம்பைத் தட்டுங்கள். வெண்கலம் கணீரென்று ஒலித்து, ஓசை கரைய நேரமாகும். பித்தளை தட்டிய உடனே அடங்கிவிடும். விரிசல் விட்ட வெண்கலமும் மொட்டையாகத்தான் ஒலிக்கும் என்பதால், சத்தம் வரவில்லை என்றால் உடனே பித்தளை என்று முடிவு கட்டாமல் விளிம்பில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. புதிதாகத் தெரியும் உலோகம் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் பித்தளை. செம்மஞ்சளாக, சற்று மங்கிய பொன் நிறமாக இருந்தால் வெண்கலம். இளஞ்சிவப்பாக இருந்தால் செம்பு. மூன்றாவது சாட்சி, வயிற்றில் விழுந்த அடி. பித்தளைக் குடம் நசுங்கும். வெண்கலப் பானை நசுங்காது. தாங்கும், இல்லாவிட்டால் உடையும்.

இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த உலோகம் ஆறிய நிலையில் சுத்தியலுக்கு இணங்காது. சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு தட்டி, தண்ணீரில் தோய்த்துத்தான் மெல்லிய கிண்ணமாக இழுக்க வேண்டும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலும் நீலகிரிக் கல்லறைகளிலும் கிடைத்த பழங்கிண்ணங்கள் சில இந்த வகை உயர் வெள்ளீய வெண்கலம்தான். உங்கள் வீட்டுக் கும்பாவின் வாயைத் தட்டும்போது அவற்றைத் தட்டிய கைகளின் வேலையும் உங்கள் கையில் இருக்கிறது. அதை நூறு கிராம் இத்தனை ரூபாய் என்று போடுவதற்கு முன் ஒரு நாள் யோசியுங்கள் என்று வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

பித்தளையில் புளி, மோர், எலுமிச்சை கூடாது, களிம்பு ஊறும். சமைக்க வேண்டுமென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். வெண்கலப் பானையில் சோறும் பொங்கலும் வைக்கலாம். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

ஈயத்துக்கு வருகிறேன். மற்றவற்றில் தவறினால் பணம்தான் போகும், இதில் உடம்பு போகும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. வெள்ளீயம் ரசம் வைக்கும் சொம்புக்கு உரியது. காரீயம் நஞ்சு, குழந்தைகளுக்கு மிகக் கேடு. இரண்டும் வெண்மையாகப் பளபளக்கும்படி வார்க்கப்படலாம். மலிவாக விற்க வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். முதலில் சொம்பைக் காயவைத்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அது முழுதாக மூழ்கும் அளவு தண்ணீர் உள்ள வாளியையோ அகன்ற பாத்திரத்தையோ தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். இப்போது சொம்பை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் சொம்பு விலக்கிய தண்ணீர். முதல் எடையை அதனால் வகுத்தால் வருவது அதன் அடர்த்தி. சுத்த வெள்ளீயத்துக்கு 7.3. காரீயத்துக்கு 11.3. கலக்கக் கலக்க எண் ஏறும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் திருவிழாக் கடையில் வாங்கிய சொம்போடு வந்தார். எடை 584 கிராம். சுத்தமான வெள்ளீயம் என்றால் 80 கிராம் தண்ணீரை விலக்கியிருக்க வேண்டும். விலக்கியது 73 மட்டும். அடர்த்தி 8. கணக்குப் போட்டால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு காரீயம். அதில் நான்கு மாதம் ரசம் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்தச் சோதனை பெரிய கலப்படத்தைத்தான் பிடிக்கும். பத்தில் ஒரு பங்கு காரீயம் இருந்தால் எண் 7.57 என்றுதான் வரும்; சமையலறைத் தராசு அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லாது. அதனால் 7.3 வந்தால் மட்டும் போதாது. தங்கத்தின் தரம் பார்க்கும் நிலையங்களில் எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிறது. பாத்திரத்தைச் சிதைக்காமல் என்னென்ன உலோகம் எத்தனை விழுக்காடு என்று காட்டிவிடும். ரசச் சொம்பு ஒன்றுக்காவது அந்தச் செலவைச் செய்யுங்கள். மற்றொரு சிறு குறிப்பு: காரீயத்தை வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் கிறீச்சென்று முனகும். காரீயம் பேசாமல் வளையும். ஈயம் பூசுகிறவர் வந்தால் அவர் கையில் இருக்கும் குச்சியை வாங்கி இப்படி வளைத்துப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைக் கொடுங்கள். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார்.

நல்ல சொம்பு கையில் இருந்தால், வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை நூறு டிகிரியைத் தாண்டாது, அதுதான் அதற்குக் காவல். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து ஊற்றுங்கள்.

இப்போது கொலுவுக்கும் சீருக்கும் நிறைய விற்கும் ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும்தான். அந்தப் பெயரில் வெள்ளி முலாம் பூசிய பித்தளையும் வருகிறது. பெயர் வெட்டிய எழுத்துக்குள் பாருங்கள். உளி முலாமைத் தாண்டி இறங்கியிருப்பதால், உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை.

ஐம்பொன் பற்றித் தினமும் கேட்கிறார்கள். தங்கம், வெள்ளி, செம்பு என்று பட்டியல் தொடங்கும். மீதி இரண்டை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். பக்கத்திலுள்ள சுவாமிமலையில் சிலை வார்க்கும்போது பெரும் பங்கு செம்பு, அதோடு பித்தளையும் சிறிது காரீயமும் சேர்க்கிறார்கள். காரீயம் இருந்தால் உருகிய உலோகம் அச்சின் விரல் நுனிவரை ஓடும். தங்கமும் வெள்ளியும் வேண்டுகிறவர் கொடுத்தால் ஒரு துளி. சோழர் காலச் சிலைகளும் பெரும்பாலும் செம்பு, வெள்ளீயம், காரீயம் கலந்தவையே. வீதியில் விற்கும் ஐம்பொன் வளையலைத் தங்கக் கணக்கில் எண்ணி வாங்காதீர்கள். வீட்டுப் பூசையில் இருக்கும் பழஞ்சிலையை மட்டும் அரத்தால் தொடவே கூடாது. நூறு ஆண்டைத் தாண்டியது என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். எடைக்குப் போடும் பொருள் அல்ல.

கடைக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே ஒவ்வொன்றையும் எடை போட்டு, உலோகவாரியாகத் தனித்தனிப் பையில் கட்டி, சீட்டு எழுதிப் போடுங்கள். ஈயம் பூசிய பித்தளையைப் பார்த்து ஈயம் என்று எழுதிவிடாதீர்கள். தேய்ந்த விளிம்பில் மஞ்சள் தெரியும். கைப்பிடிக்குள் அரக்கு அடைத்திருந்தால் அதைச் சொல்லியே பேசுங்கள். எல்லாப் பைகளையும் ஒன்றாகத் தராசில் ஏற்றச் சொல்கிற கடையில் அவிழ்க்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.