கேட்டலினா மலையடிவாரத்தை நீரின் தடம்பற்றிப் பார்ப்பது எப்படி?

அரிசோனாவின் டூசான் நகருக்கு வடக்கே, சான்ட்டா கேட்டலினா மலைகளின் தென்சரிவில் உள்ள கேட்டலினா ஃபுட்ஹில்ஸ் குடியிருப்பின் வரலாற்றை அறிய விரும்புபவர்கள், வீடுகளில் தொடங்காமல், ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ரில்லிட்டோ ஆற்றில் தொடங்க வேண்டும். அதன் தெற்கே 1873 முதல் 1891 வரை இயங்கிய லோவெல் கோட்டையின் மண்சுவர் இடிபாடுகளைப் பாருங்கள். அதே இடத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஹோஹோகாம் என்ற பழங்கால அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஊர் இருந்தது. படைவீரர்களையும் உழவர்களையும் அங்கே ஈர்த்தது தண்ணீர்தான்.

அங்கிருந்து வடக்கே மேடேறுங்கள். சுமார் 800 மீட்டர் உயரத்தில், மலையிலிருந்து அடித்துவரப்பட்ட சரளையின் மேல் சவாரோ கள்ளிகள் நிற்கும். இளஞ்செடி வெயிலுக்கும் உறைபனிக்கும் தப்ப, பெரும்பாலும் பாலோ வெர்டே போன்றதொரு மரத்தின் நிழலில்தான் வளர்கிறது; ஆகவே மரத்தடியில் குனிந்து பார்த்தால், விரலளவே உள்ள கள்ளியும் கண்ணில் படலாம். கிளை விடுவதற்குப் பொதுவாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், கிளைத்த சவாரோ ஒன்று வீட்டு முற்றத்தில் நின்றால், அது அந்த வீட்டைவிட மூத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குடியிருப்பு உருவானது பிற்காலத்தில்தான். ஜான் மர்ஃபி என்ற மனைவணிகர் 1920-களின் பிற்பகுதியில் இங்கே நிலம் வாங்கினார்; அவருக்காக வீடுகளை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜோசையாஸ் ஜோஸ்லர். 1936-இல் எழுந்த செயின்ட் ஃபிலிப்ஸ் தேவாலயத்துக்குள் சென்று பலிபீடத்தின் பின்னுள்ள சன்னலைப் பாருங்கள்: வண்ணக் கண்ணாடிக்குப் பதிலாக மலையே தெரியும். ஜோஸ்லரின் கட்டடங்களுள் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், இதையே பரிந்துரைப்பேன்.

இறுதியில் சபினோ பள்ளத்தாக்குக்குச் செல்லுங்கள். அங்குள்ள பெரும்பாறைகளில் சில, 1887-ஆம் ஆண்டு சொனோரா நிலநடுக்கத்தில் உருண்டு வந்தவை. 1930-களில் கட்டப்பட்ட கற்பாலங்கள் தாழ்வானவை. ஓடை பெருகினால் நீர் அவற்றின் மேலேயே பாயும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நடப்பதற்கு ஏற்ற காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை விடியற்காலையிலேயே நடையை முடித்துவிடுங்கள். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், இம்மலைத்தொடரின் உச்சியான, 2,791 மீட்டர் உயரமுள்ள லெமன் மலைப்பக்கம் இடி கேட்டால், ஓடையில் இறங்காமல் திரும்பிவிடுங்கள்; அங்கே பெய்யும் மழை இங்கே திடீர் வெள்ளமாக வரலாம்.